ஜடேஜாவுக்காக அழ நமக்கென்ன தகுதி?

இதை 2025 நவம்பர்லயே எழுதியிருக்கணும். அப்ப செமஸ்டர். அப்புறம் சோம்பேறித்தனம். அப்புறம், 'ஆறிப்போன விஷயம், இனிமே யாருக்கு வேணும்'னு விட்டுட்டேன். ஆனா எங்க காலேஜ் கேன்டீன்ல இந்தச் சண்டை இன்னும் ஓய்ஞ்சபாடில்ல. யாராவது ஒருத்தன் "என்ன இருந்தாலும் ஜட்டுவ அனுப்பியிருக்கக் கூடாதுடா"ன்னு ஆரம்பிப்பான். டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு கட்சி ஆகிடும். நீ எந்தக் கட்சின்னு கேட்டுக் கேட்டு உயிரை வாங்குறதால, இதோ ஒரேயடியா எழுதி வச்சிடுறேன். இனிமே கேக்குறவனுக்கு இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

முதல்ல அந்த நாளைச் சொல்லிடறேன். 2025 நவம்பர் 15, சனிக்கிழமை. காலையில பால் வாங்க இறங்கி, திருவொற்றியூர் தேரடி பக்கம் வழக்கமான டீக்கடையில நிக்கிறேன். கடையில நாலு பேர், நாலு பேர் கையிலயும் போன், யாரும் டீயைத் தொடல. "இன்னாண்ணா ஆச்சு?"ன்னு கேட்டேன். "தூக்கிக் குடுத்துட்டானுங்கபா"ன்னார் கடைக்கார அண்ணன். யாரைன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. ஒரு வாரமா அந்த வதந்திதானே ஓடிட்டு இருந்துச்சு.

கணக்கு இதுதான். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் சென்னையில இருந்து ராஜஸ்தானுக்கு. சஞ்சு சாம்சன் ராஜஸ்தான்ல இருந்து சென்னைக்கு. சாம்சனுக்கு அவர் வாங்கிட்டு இருந்த அதே 18 கோடி. கரனுக்கு அதே 2.4 கோடி. ஜடேஜாவுக்கு மட்டும் 18 கோடி, 14 கோடி ஆச்சு. அணிகள் யாரை வச்சுக்கிறோம், யாரை விடுறோம்னு பட்டியல் குடுக்கக் கடைசி நாள் அது. அதே அறிவிப்புல முகமது ஷமி ஹைதராபாத்ல இருந்து லக்னோவுக்குப் போனார், அர்ஜுன் டெண்டுல்கரும் மும்பையில இருந்து லக்னோ போனார். எங்க கடையில அதை ஒருத்தரும் படிச்ச மாதிரி தெரியல.

சாயங்காலத்துக்குள்ள எங்க தெருப் பசங்க பாதிப் பேரு வாட்ஸ்அப்ல ஜடேஜா படம். ஒருத்தன் மஞ்ச ஜெர்சியைக் கொளுத்தப் போறேன்னு கிளம்பினான். 'அது உங்க அண்ணன் ஜெர்சிடா'ன்னு அவங்க அம்மா புடுங்கி வச்சுக்கிட்டாங்க :-)

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு போன். பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை. மேல்படிப்புக்காக டொரண்டோ போய் ஸ்காபரோவுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். கிரிக்கெட் வெறியனா இங்கருந்து போனவன், ரெண்டு குளிர்காலத்துல ஐஸ் ஹாக்கி வெறியனா ஆகிட்டான். நான் புலம்பினதை எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "டேய், இதுக்கேவா? இங்க வருஷா வருஷம் இதுக்குன்னே ஒரு நாள் வச்சிருக்கானுங்க"ன்னான்.

அதாவது அங்க என்ஹெச்எல்னு சொல்ற தொழில்முறை ஹாக்கியில, மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணி வரைக்கும்தான் வீரர்களை அணி மாத்திக்கலாம். அதுதான் டிரேட் டெட்லைன். அன்னிக்குக் காலையில இருந்து டிவியில வேற பேச்சே கிடையாது. ஆபீஸ்ல இருக்கிறவன் எல்லாம் போனை மேசைக்கடியில வச்சுப் பார்த்துட்டு இருப்பானாம். நம்ம ஊர்ல எலெக்‌ஷன் ரிசல்ட் அன்னிக்கு இருக்கிற மாதிரின்னு சொன்னான். முக்கால்வாசி வீரர்களை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. காலையில பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தவன், சாயங்காலம் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்க்காரன். ஒப்பந்தத்துல 'என் சம்மதம் இல்லாம மாத்தக் கூடாது'ன்னு எழுதி வாங்குற அளவுக்குப் பெரிய கை இருந்தாத்தான் தப்பிக்கலாம்.

அவன் சொன்ன கதையில ஒண்ணு எனக்கு மறக்கவே இல்ல. மிக்கோ ரன்டனென்னு ஒரு ஃபின்லாந்துக்காரர். கொலராடோ அணி 2015ல எடுத்தது, 2022ல அவங்களோட சேர்ந்து ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சார். 2025 ஜனவரி 24ஆம் தேதி அவரை கரோலினாவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க 13 மேட்ச்தான் ஆடினார். மார்ச் 7, டெட்லைன் அன்னிக்கு மறுபடியும் கைமாறி டல்லாஸ். மே 3ஆம் தேதி பிளேஆஃப்ல கடைசி, ஏழாவது மேட்ச், எதிர்ல யாரு? அதே கொலராடோ. மனுஷன் கடைசி இருபது நிமிஷத்துல மூணு கோல் போட்டுப் பழைய வீட்டையே வெளிய அனுப்பிட்டார். நம்ம ஊர்ல ரஜினி படத்துக்கு எழுதினா 'லாஜிக் இல்ல'ன்னு சொல்லுவோம்.

இன்னொண்ணு பழசு. 1988 ஆகஸ்ட் 9, வேய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு வித்தது. கனடாக்காரங்களுக்கு அவர் டெண்டுல்கர் மாதிரி. ரசிகர்கள் அணி முதலாளியோட கொடும்பாவியைக் கொளுத்தினாங்க. ஒரு எம்.பி. இந்த வியாபாரத்தை அரசாங்கமே தடுக்கணும்னு கேட்டார். நம்ம தெருப் பையன் ஜெர்சி கொளுத்தப் போனது எவ்வளவோ தேவலை.

நம்ம ஹாக்கியைப் பத்தியும் ஒரு வார்த்தை. புல்வெளி ஹாக்கி, நம்ம எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் ஹாக்கி. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்ல தங்கம் ஜெயிச்ச இந்திய அணியோட கேப்டன் பாஸ்கரன் நம்ம சென்னைக்காரர். அப்படிப்பட்ட ஊருக்கு 2005ல பிரீமியர் ஹாக்கி லீக்னு ஒண்ணு வந்தப்ப 'சென்னை வீரன்ஸ்'னு ஒரு டீம் இருந்துச்சு. 2008ஓட அந்த லீக்கே போச்சு. 2012ல வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில 'சென்னை சீட்டாஸ்'. ஒரே சீசன், காலி. அப்புறம் ஹாக்கி இந்தியா லீக் 2024-25ல 'தமிழ்நாடு டிராகன்ஸ்' வந்துச்சு; அந்த வருஷம் மேட்ச் எல்லாம் ரூர்கேலாவிலயும் ராஞ்சியிலயும். வீரன் போனதுக்கும் சீட்டா போனதுக்கும் இந்த ஊர்ல ஒருத்தனும் டீயைக் கீழ வைக்கல. அங்க வீரர்கள் டீமை விட்டுப் போவாங்க, இங்க டீமே ஊரை விட்டுப் போயிடும். அதனால டெட்லைன், டிரேட், வயித்தெரிச்சல் எல்லாத்துக்கும் நமக்கு இருக்கிறது கிரிக்கெட்தான்.

சரி, ஜடேஜாவுக்கு வருவோம்.

இந்த மனுஷன் கதையில ஒரு வேடிக்கை இருக்கு, கேன்டீன்ல யாருமே அதைப் பேசறதில்ல. 2008ல முதல் ஐபிஎல்ல இவர் ஆடினது ராஜஸ்தானுக்கு. ஷேன் வார்ன் தலைமையில அந்த அணி கோப்பை ஜெயிச்சது. ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம மும்பைகிட்ட நேரடியா பேசிப் பார்த்தார்னு 2010 சீசன் முழுக்க இவருக்குத் தடை போட்டாங்க. அப்ப வயசு 21. அதாவது வீரன் தானா அணி மாற வழி தேடினா ஒரு வருஷம் வீட்ல உக்காரணும். அணி வீரனை மாத்தினா அதுக்குப் பேர் டிரேட், தனியா ஒரு விண்டோ, பிரேக்கிங் நியூஸ். 'துரோகம்'ங்கிற வார்த்தையை ரசிகர்கள் எடுக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கை மட்டும் யோசிச்சுப் பார்க்கச் சொல்றேன்.

2011ல கொச்சி டீம். அந்த டீமும் ஒரே வருஷம். 2012 ஏலத்துல சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 லட்சம் டாலர் உச்சவரம்பு வரைக்கும் போட்டி போட்டு, ரகசியமா இன்னும் எவ்வளவு தருவோம்னு எழுதிக் குடுத்து, சென்னை எடுத்தது. 2016, 17ல சென்னை தடையில இருந்தப்ப குஜராத் லயன்ஸ். 2018ல திரும்ப வந்தார். அந்த வருஷம் ஏப்ரல் 10 ஞாபகம் இருக்கா? காவிரிப் போராட்டம் உச்சத்துல இருந்தப்ப சேப்பாக்கத்துல கொல்கத்தாவோட மேட்ச். கேலரியில இருந்து செருப்பு பறந்தது, அது வந்து விழுந்தது ஜடேஜா ஃபீல்டிங் நின்ன பக்கம். அந்தக் கோபம் நியாயமானது, அவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனாலும் விழுந்தது அங்கதான்.

2022ல கேப்டன் ஆக்கினாங்க. எட்டு மேட்ச்ல கேப்டன் பதவியை தோனிகிட்டயே திருப்பிக் குடுத்தார். அடுத்து 2023. இங்கதான் நான் மாட்டிக்கிற இடம்.

அந்த வருஷம் மே 10ஆம் தேதி டெல்லியோட மேட்ச். எங்க மாமா ஆயிரத்தைந்நூறு ரூபா டிக்கெட் ரெண்டு எப்படியோ தேத்திட்டார். நான் ப்ளஸ் ஒன் முடிச்சிருந்த நேரம். விம்கோ நகர்ல இருந்து வர்ற மெட்ரோவுல தேரடியில ஏறி, அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினோம். வழியெல்லாம் மஞ்சள். நான் முதல் தடவையா சேப்பாக்கம் உள்ள போறேன். போய் என்ன பண்ணேன்? விக்கெட் விழணும்னு கத்தினேன். நம்ம டீம் விக்கெட்! ஏன்னா விழுந்தாத்தானே தோனி வருவார். நான் மட்டும் இல்ல, மொத்த கேலரியும் அதைத்தான் பண்ணுச்சு. விக்கெட் விழுந்து தோனி படி இறங்கினப்ப வந்த சத்தத்துல காது அடைச்சுப் போச்சு.

அந்த சீசன் முழுக்க இதே கூத்துதான். தோனிக்கு முன்னாடி இறங்குற ஆள் யாரா இருந்தாலும் அவன் எப்படா அவுட் ஆவான்னு சொந்த ஊர்க் கூட்டம் காத்துட்டு இருக்கும். அந்த ஆள் பெரும்பாலும் ஜடேஜா. அன்னிக்கு ஆட்ட நாயகன் விருது வாங்குனதும் அவர்தான். வாங்கிட்டு, நான் இன்னும் மேல இறங்கினா நான் எப்ப அவுட் ஆவேன்னு இவங்க காத்துட்டு இருப்பாங்கங்கிற அர்த்தத்துல சிரிச்சுக்கிட்டே சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். எனக்கு அப்ப அது ஜோக்காத்தான் பட்டுச்சு. பதிமூணு நாள் கழிச்சு அதே கிரவுண்டுல குஜராத்தோட பிளேஆஃப். அதுல மதிப்புமிக்க வீரர்னு ஒரு விருது குடுத்தாங்க. அந்த விருது குடுத்த கம்பெனிக்குத் தெரியுது, சில ரசிகர்களுக்குத் தெரியலன்னு அவரே எழுதிப் போட்டார். அதுல சிரிப்பு இல்ல.

அதுக்கப்புறம் அகமதாபாத் ஃபைனல். மழையால ராத்திரி ஒன்றரை மணி தாண்டியும் எங்க தெருவே தூங்கல. கடைசி ரெண்டு பந்து, பத்து ரன். மோஹித் சர்மா. நேரா ஒரு சிக்ஸ், கால் பக்கம் ஒரு ஃபோர். தோனி ஜடேஜாவை அப்படியே தூக்கினார். ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் பட்டாசு. நானும்தான் தட்டை எடுத்துத் தட்டினேன், அம்மாகிட்ட அடி வாங்கினேன். இருபது நாள் முன்னாடி 'விக்கெட் விழு விழு'ன்னு கத்தின அதே தொண்டை.

இப்ப சொல்லுங்க, அந்தத் தொண்டையில இருந்து 2025ல 'எங்க தளபதியை அனுப்பிட்டாங்களே'ன்னு ஒப்பாரி வந்தா அதை அந்த ஆளு எப்படி எடுத்துக்குவார்?

நான் அழக் கூடாதுன்னு சொல்லல. பன்னெண்டு சீசன் மஞ்ச சட்டை, மூணு கோப்பை, ஜாம்நகர்காரரைத் தளபதின்னு கூப்பிட்ட ஊர். வருத்தம் வரத்தான் செய்யும். ஆனா 'நிர்வாகம் நன்றி கெட்டது'ன்னு நாம சொல்றப்ப, விரல் கொஞ்சம் நம்ம பக்கமும் திரும்பட்டும். 2022 ஏலத்துல சுரேஷ் ரெய்னா 2 கோடி அடிப்படை விலையில நின்னப்ப சென்னை கை தூக்கல, யாருமே தூக்கல. அன்னிக்கும் இதே ஒப்பாரி ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாம் நாள் என்ன ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல, உங்களுக்கும் இருக்காது.

கிரிக்கெட் கணக்கா பார்த்தா எனக்கு இந்த டிரேட் சரின்னுதான் படுது. அடிக்க வராதீங்க. 2025 சீசன்ல சென்னை பத்தாவது இடம். பத்து டீம்ல பத்தாவது! அப்படி முடிச்சது அதுதான் முதல் தடவை. தோனிக்கு 44 வயசு, அவருக்கு அப்புறம் கீப்பர் யாருன்னு பல வருஷமா கேள்வி. ஜடேஜா அந்த டிசம்பர்ல 37 முடிக்கிறார். சாம்சன் 31. டாப் ஆர்டர் பேட்ஸ்மேன், கீப்பர், கேப்டன் பதவி பார்த்தவர், மூணும் ஒரே ஆளு. அதுக்கு விலையா ஜடேஜாவோட கரனையும் சேர்த்துக் குடுத்தது கொஞ்சம் ஓவர்னு வேணா சண்டை போடலாம், நானும் வர்றேன். ஆனா 'வியாபாரமாக்கிட்டாங்க'ன்னு சொல்றவன்கிட்ட, 'ஏலத்துல கை தூக்கி வாங்கினப்ப அது என்ன, கல்யாணமா?'ன்னு கேக்கத் தோணுது.

'மண்ணின் மைந்தனை எடுக்க மாட்டாங்க, கேரளாக்காரனைக் கொண்டாந்துட்டாங்க'ன்னு இன்னொரு குரூப். தினேஷ் கார்த்திக் ஐபிஎல்ல ஒரு நாள்கூட சென்னைக்கு ஆடினதில்ல, உண்மை. வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன், வருண் சக்கரவர்த்தி எல்லாரும் வேற வேற ஊர்ச் சட்டை. 2025ல சாய் சுதர்சன் 759 ரன் அடிச்சு ஆரஞ்சு தொப்பி வாங்கினது குஜராத்துக்கு. இந்த வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனா இதைச் சொல்றவனே அடுத்த வரியில ஜாம்நகர்காரருக்காக அழுறான் பாருங்க, அங்கதான் எனக்குத் தலை சுத்துது.

அந்த சாம்சன் யாருன்னு கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். விழிஞ்ஞம் பக்கத்துல கடலோர ஊர்க்காரர். அப்பா டெல்லி போலீஸ்ல இருந்தவர், டெல்லிக்காக கால்பந்தும் ஆடினவர். பையன் கிரிக்கெட்டுக்காக வேலையை விட்டுட்டுக் குடும்பத்தோட கேரளாவுக்கே திரும்பிட்டார். காசிமேட்டுல, வியாசர்பாடியில இப்படி ஒரு அப்பாவை நீங்க பார்த்ததே இல்லையா? வந்து இறங்குறதுக்கு முன்னாடியே அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினானுங்க. அவர் என்ன பண்ணார்? அவரும் ஊர் மாறினவர்தானே.

மும்பைக்காரங்க இதையே பண்ணி அசிங்கப்பட்டாங்க. 2023 நவம்பர்ல ஹர்திக் பாண்டியா குஜராத்ல இருந்து மும்பைக்கு வந்தார், டிசம்பர்ல ரோஹித்துக்குப் பதிலா கேப்டன். 2024 சீசன்ல போன ஊர்லயெல்லாம் 'ஊ'ன்னு கத்தினாங்க. சொந்த கிரவுண்டு வான்கடேல ஏப்ரல் 1ஆம் தேதி டாஸ் போடுறப்ப சஞ்சய் மஞ்ச்ரேக்கர் மைக்ல கூட்டத்தைப் பார்த்து ஒழுங்கா இருங்கன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. ஜூன் 29ஆம் தேதி பார்படோஸ்ல டி20 உலகக் கோப்பை ஃபைனல், கடைசி ஓவர், 16 ரன் காப்பாத்தணும், பந்து ஹர்திக் கையில. ஜெயிச்சாச்சு. ஜூலை 4ஆம் தேதி அதே வான்கடேல அதே கூட்டம் 'ஹர்திக் ஹர்திக்'னு கத்துது. கேப்டனை மாத்தின முதலாளிகளை அந்த மூணு மாசத்துல கூட்டத்துல ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. முதலாளி பாக்ஸ்ல இருப்பாரு, அங்க சத்தம் எட்டாது. பவுண்டரி ஓரத்துல நிக்கிறவன்தான் கைக்கு எட்டுவான்.

இதையெல்லாம் ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதிட்டு இருக்கேனே, என் கதையையும் சொல்லிடறேன்.

எங்க தெருவுல டென்னிஸ் பால் டீம் ஒண்ணு இருக்கு. பதினோரு பேர் சேர்றதே கஷ்டம், ஆனா பௌலர் ஒருத்தன் இருந்தான், நல்ல வேகம். ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம் எர்ணாவூர் பக்கம் ஒரு டோர்னமென்ட். நாங்களும் பேர் குடுத்திருந்தோம். போய்ப் பார்த்தா நம்மாளு எதிர் டீம் சட்டையில நிக்கிறான். கெஸ்ட் பிளேயர். மேட்சுக்கு ஐந்நூறு ரூபா, பிரியாணி. எங்களை மூணு பேரு போல்டு. நான் முதல் பந்துலயே.

அன்னிக்கு நான் அவனைப் பேசின பேச்சை இங்க எழுத முடியாது. 'அஞ்சு நோட்டுக்குத் தெருவை வித்துட்டான்'ங்கிறது அதுல நாகரிகமானது. மொத்த டீமும் அவன்கிட்ட பேசல, ரெண்டு மாசம். அவனும் ஒண்ணும் பேசல, பக்கத்துத் தெரு வழியா சுத்திப் போவான்.

அவங்க அப்பா காசிமேட்டுல லாஞ்சுக்குப் போறவர். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அரசாங்கம் நிவாரணம்னு குடுக்கிறது ஒரு வாரத்துக்குக் காணாது. ஜூன்ல அவன் தங்கச்சிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். நாலு மேட்ச் ஆடி ரெண்டாயிரம் கொண்டு போய்க் குடுத்திருக்கான். இது எனக்கு ஆகஸ்ட்லதான் தெரியும், அதுவும் எங்க அம்மா சொல்லி. திருவொற்றியூர்ல பொறந்து வளர்ந்தவனுக்குத் தடைக்காலம் என்னன்னு தெரியாதா? மீன் விலை ஏறும்னு தெரியும். அந்த டோர்னமென்ட் அன்னிக்கு மட்டும் அது மண்டையில ஏறல.

கடைசியா எங்க அப்பா. அப்பா மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல டேலி கிளார்க். கன்டெய்னர் உள்ள வர்றது, வெளிய போறது, சீல் நம்பர் எல்லாம் பார்த்து எழுதற வேலை. கான்ட்ராக்ட்தான். அந்த நவம்பர் 15 ராத்திரி சாப்பிடறப்ப நான் ஜடேஜா புராணம் பாடிட்டு இருந்தேன். அப்பாவுக்கு கிரிக்கெட் அவ்வளவா பிடிக்காது, அவர் இளவட்டத்துல கேரம் ஆள். கேட்டுட்டு இருந்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவனைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா. ஐபிஎல்ல பிளேயர் சம்மதம் இல்லாம மாத்த முடியாது. அவர்கிட்ட பேசி, ஒத்துக்கிட்டுத்தான் அனுப்பினோம்னு சிஎஸ்கே தரப்புல சொல்லியிருக்காங்க."

"அப்புறம் இன்னா?"ன்னு கேட்டுட்டு ரசத்தை ஊத்திக்கிட்டார்.

எனக்கு அப்பதான் உறைச்சுது. ஆறு வருஷம் முன்னாடி அப்பா வேலை பார்க்கிற இடத்துல கான்ட்ராக்டர் மாறினான். முதல் நாள் வரைக்கும் ஒருத்தரும் எதுவும் சொல்லல. காலையில கேட்டுக்குப் போனா புது ஐடி கார்டு. கழுத்துக் கயிறு மட்டும் நீலத்துல இருந்து சிவப்பாச்சு. அதே யார்டு, அதே கிரேன், அதே டீ. ஆனா பதினோரு வருஷ சர்வீஸ் அன்னிக்கு முதல் நாளா ஆயிடுச்சு. பழைய கான்ட்ராக்டர் குடுக்க வேண்டிய கணக்குக்கு ஒன்றரை வருஷம் அலைஞ்சார், பாதிதான் வந்துச்சு. அப்பாவோட சேர்ந்து கயிறு மாறினவங்க நாப்பது பேருக்கு மேல இருக்கும். எங்க வீட்லயே அன்னிக்கு யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. நான் அப்ப எட்டாவது படிச்சேன், அன்னிக்கு எதாவது மேட்ச் பார்த்துட்டு இருந்திருப்பேன்.

ஜடேஜாவுக்கு நாலு கோடி குறைஞ்சதுக்கு நான் தூங்காம இருந்த ராத்திரி அது. கேட்டுட்டுத்தான் குறைச்சாங்க.

கேன்டீன்ல இதைச் சொன்னா 'சென்டிமென்ட் போடாத'ங்கிறானுங்க. போடல. ஐஸ் ஹாக்கியில டெட்லைன் அன்னிக்கு இடம் மாறுற பலபேரைவிட ஜடேஜா நல்ல நிலைமையில போனார்ங்கிறதுதான் என் கட்சி. டொரண்டோவுல மிட்ச் மார்னர்னு ஒரு உள்ளூர்ப் பையன் இருந்தார். 2025 மார்ச் டெட்லைனுக்கு முன்னாடி அவரைக் குடுத்து அந்த ரன்டனெனை வாங்கப் பார்த்தாங்கன்னு செய்தி. அவர் ஒப்பந்தத்துல சம்மதம் வேணும்னு இருந்துச்சு, மாட்டேன்னுட்டார். சீசன் முடிஞ்சப்புறம் தானா முடிவு பண்ணி வேகாஸ் போனார். ஊரே திட்டுச்சுன்னு அண்ணன் சொன்னான். அவனும் திட்டினானாம். 'ஏன்டா திட்டின'ன்னு கேட்டேன். 'எல்லாரும் திட்டினாங்க'ன்னான். படிச்சவன்!

என்கிட்ட எட்டாம் நம்பர் மஞ்ச ஜெர்சி ஒண்ணு இருக்கு, பாரிமுனை பிளாட்ஃபார்ம்ல வாங்கினது. அதைக் கொளுத்தல, மடிச்சும் வைக்கல, வீட்ல போட்டுட்டுத்தான் இதை டைப் அடிக்கிறேன். கழுத்துப் பக்கம் நூல் பிரிஞ்சிடுச்சு.

எங்க பௌலர் இப்ப பேசுறான். நான்தான் போய்ப் பேசினேன், எப்படின்னு கேக்காதீங்க, அசிங்கமா இருந்துச்சு. வர்ற மே டோர்னமென்ட்டுக்கு எங்களுக்கே ஆடுறியாடான்னு கேட்டிருக்கோம். மேட்சுக்கு எழுநூறு கேக்குறான். பக்கத்து டீம் அறுநூறு சொல்லியிருக்காம், தெருப் பாசத்துக்குத் தள்ளுபடி எல்லாம் கிடையாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டான். இதுவரைக்கும் கலெக்‌ஷன் முந்நூத்தம்பது.

டிஸ்கி: என் கூடப் படிக்கிறவங்கள்ல எங்க ஏரியாப் பசங்க நாலு பேர் இருக்கீங்க. மீதியை யார் தர்றீங்கன்னு சீக்கிரம் சொல்லுங்க, அவன் பதில் சொல்ல ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கான்.